திரை மறைத்ததும் ஏடு காத்ததும்

படம் பார்ப்பது நம்மவர்க்கு உண்பதும் உறங்குவதும் போன்ற வழக்கமாகிவிட்டது. பட்டணத்தில் வாழ்வோரும் தோட்டப்புறத்தில் வாழ்வோரும் இவ்வகையில் ஒருவரையொருவர் விஞ்சி நிற்கின்றனர். நடிகர் இன்னார், அவர் நடித்த படங்கள் இத்தனை, அவற்றுள் வெற்றி பெற்றவை இவை என்று தடையின்றி ஒப்புவிக்கும் இளைஞர் வீடுதோறும் உளர். ஆனால், அக்கலை நம்மிடையே எப்படி வந்தது, அதனை வளர்த்தோர் யார், அவர் பட்ட பாடு யாது, அது நம் மக்களைப்பற்றிக் கூறியது எத்துணை, கூறாது மறைத்தது எத்துணை என்று வினவின், விடை கூறுவோர் மிகச் சிலரே.

சினிமாவே தீது, அதனை ஒழித்தல் வேண்டும் என்று கூறும் கூட்டத்தாரோடு நமக்கு உடன்பாடில்லை. படத்தைப்பற்றியே எழுதி வருவோன் அவ்வாறு கூறுவது பொருந்தவும் பொருந்தாது. நாம் கூறவருவது வேறு. படம் பார்ப்போன் நூலும் படித்தல் வேண்டும். படியாதவன் பார்த்தும் பாராதவனே. எந்நூலைப் படிப்பது என்று கேட்கும் அன்பர்கட்கு, தமிழ்ப் படத்தின் வரலாற்றையே துணையாகக் கொண்டு சில நூல்களை ஈண்டு எடுத்துக் காட்டுவோம்.

புத்தகக் கடையில் பிழைத்த படம்

முதற்கண் ஒரு வழக்கின் கதையைக் கூறுவோம். திருவிதாங்கூரில் சி.வி. ராமன் பிள்ளை என்பார் 1891-ஆம் ஆண்டில் 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவலை வெளியிட்டார். நாகர்கோவிலைச் சார்ந்த சுந்தரராஜ் என்பவர் அக்கதையை ஊமைப் படமாக எடுத்தார். இயக்கியவர் பி.வி. ராவ். 1933-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் படம் வெளிவந்தது. வந்த அளவில், அந்நாவலின் உரிமை எம்முடையது, எம்மைக் கேளாது படம் எடுத்தது குற்றம் என்று கமலாலயம் என்னும் புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். வழக்கில் புத்தக நிலையத்தார் வென்றனர். படச்சுருள் அவர்கள் கைக்குப் போயிற்று. கொட்டகையில் ஓட வேண்டிய படம் புத்தகங்களோடு புத்தகமாகக் கிடந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகட்குப் பின், 1974-ஆம் ஆண்டில், புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தார் அதனைக் கண்டெடுத்துக் காத்தனர்.

இதில் நாம் நோக்கத் தக்கது யாதெனில், தென்னாட்டில் அந்நாளில் நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. ஊர் ஊராக ஓடிப் புகழ் பெற்ற படங்கள் எல்லாம் அழிந்தொழிய, வழக்கில் தோற்றுப் புத்தகக் கடைக்குள் முடங்கிய படம் ஒன்று உயிர் பிழைத்தது. படத்தைக் காத்தது புத்தகமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஏனைய படங்கள் அழிந்தது எங்ஙனம்? அந்நாளைய படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆயது. எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. தீப்பற்றாதொழியினும் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து பொடியாகிவிடும். அஃதன்றியும், அச்சுருளில் வெள்ளி கலந்திருந்தது. ஓடி முடிந்த படத்தால் இனி ஆவதொன்றில்லை என்று கருதிய வியாபாரிகள், வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அதனை விற்றனர். ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவு எடைக்கு எடை விலைபோயிற்று.

தமிழ் நாட்டின் முதற் கதைப்படம் 'கீசகவதம்'. சென்னையில் மோட்டார் உறுப்புகள் விற்று வந்த ஆர். நடராஜ முதலியார், புனே சென்று ஆங்கிலேயர் ஒருவரிடம் படமெடுக்கும் தொழிலைக் கற்றுவந்து, புரசைவாக்கத்தில் களம் அமைத்து அதனை எடுத்தார். அது வந்த ஆண்டு 1916 என்பார் சிலர். 1917 என்பார் சிலர். 1918 என்பாரும் உளர். சங்க காலத்துப் புலவர்க்குக் காலம் கணிப்பதில் கருத்து வேறுபாடு உண்டாவது இயல்பு. நம் பாட்டன்மார் காலத்து நிகழ்ச்சிக்கே ஆண்டு உறுதி செய்ய இயலாது மயங்குகின்றோம் என்றால் அது யார் குற்றம்? படம் இல்லை, உடனிருந்து எழுதி வைத்தாரும் இல்லை. அதுவே காரணம்.

பேசும் படத்தின் நிலையும் அவ்வளவே. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த 'காளிதாஸ்' இன்று இல்லை. அதில் தலைவியாக நடித்த டி.பி. ராஜலக்ஷ்மி அம்மையார் பின்னர்த் தாமே எழுதிய நாவலைத் தாமே இயக்கி 1936-ஆம் ஆண்டில் 'மிஸ் கமலா' என்னும் படமாக வெளியிட்டார். தமிழ்ப் படவுலகில் ஒரு பெண் இயக்குநர் ஆனது அதுவே முதன்முறை. பெண்ணுக்கு அடுப்பங்கரையே உலகம் என்று ஓதி வந்த காலத்தில் ஒருத்தி எழுதி, நடித்து, இயக்கிக் காட்டினாள். அப்படமும் இன்று இல்லை. அவர் செய்ததை நம் பெண்மக்கள் அறிவது நூல்களின் வாயிலாகவே.

பாட்டுப் புத்தகமும் பலகை எழுதியவரும்

படம் போயினும் அதன் சுவடு ஓரிடத்தில் எஞ்சியது. கொட்டகை வாயிலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை நம் முதியோர் நன்கறிவர். அதில் நடிகர் பெயரும், பாட்டுக்களும், கதைச் சுருக்கமும் இருக்கும். கதையை முக்காற்பங்கு கூறிவிட்டு, முடிவை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்துவது அந்நாளைய வழக்கம். கொட்டகைக்குக் கூட்டம் சேர்க்கச் செய்த உபாயம் அது. இன்றோ திரை அழிந்துவிட்டது. பாட்டுப் புத்தகம் நிற்கின்றது. எத்தனையோ கதைகளின் முடிவு ஒருவரும் அறியாதபடி மறைந்துபோயிற்று!

இப்புத்தகங்களைக் குப்பை என்று பிறர் எறிந்த காலத்தில் பொறுக்கிச் சேர்த்தவர் ஒருவர் உளர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா என்பவரே அவர். பட்டம் பெற்ற பண்டிதரல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். பழைய நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்து 1992-ஆம் ஆண்டில் மறைந்தார். அமெரிக்காவிலுள்ள சிக்காகோப் பல்கலைக் கழகத்தார் அத்தொகுதியை வாங்கினர். 1994-ஆம் ஆண்டில் சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழன் எறிந்ததை மேனாட்டான் வந்து விலை கொடுத்தபின் அன்றோ நாம் போற்றத் தொடங்கினோம்!

இவ்வாறே பட நோட்டீசுகளையும் புகைப்படங்களையும் சேர்த்து வந்த மற்றொருவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். பேசும் படம் தோன்றிய நாள் தொட்டு ஆண்டு வாரியாகத் தமிழ்ப் படங்களின் பட்டியலை அவர் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் பெருநூலாகத் தந்தார். ஆராய்ச்சி வேண்டுவோர்க்கு அது அகராதி போல்வது. கதை போலத் தொடர்ந்து படிக்க விரும்புவோர், அறந்தை நாராயணன் எழுதிய 'தமிழ் சினிமாவின் கதை' என்னும் நூலை எடுத்துக்கொள்ளலாம். பாட்டாளி மக்களின் பக்கம் நின்று அவர் எழுதியிருக்கின்றார், நடையும் எளியது.

கூத்தாடி என்ற சொல்

நிற்க. சினிமாவைப்பற்றி அந்நாளைய அறிஞர் ஏன் எழுதவில்லை என்ற வினா எழுகின்றது. விடை, 'கூத்தாடி' என்ற ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. ஆடுவோரும் பாடுவோரும் தாழ்ந்தோர் என்று எண்ணிய சமுதாயம் அவர்தம் வரலாற்றை ஏட்டில் எழுதத் துணியுமோ?

இவ்விழிவை நேரே அறிய விரும்புவோர் இரண்டு நூல்களைப் படித்தல் வேண்டும். ஒன்று, பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்'. அவர் வக்கீலாக இருந்து பின்னர் நீதிபதியானவர். 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுணவிலாஸ சபையை நிறுவி, கற்றோரும் உத்தியோகத்தரும் வேடம் பூணலாம், அதனால் மதிப்புக் குறையாது என்று காட்டினார். மற்றொன்று, அவ்வை டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'. 1918-ஆம் ஆண்டில் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் அமைத்த சிறுவர் நாடகக் குழுவில், அறியாப் பருவத்தில் தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்தவர் சண்முகம். ஊர் ஊராகச் சென்றதும், மனப்பாடம் செய்ததும், அடிபட்டதும், கைதட்டல் பெற்றதும் எல்லாம் ஒளிவின்றி அதில் எழுதப்பட்டுள்ளன. முதல் நூல் வசதி படைத்தோர் விரும்பி மேடையேறிய கதை. இரண்டாம் நூல் வறுமையால் மேடையேறிய பிள்ளைகளின் கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு நாம் விளக்கம் கூற வேண்டியதில்லை.

இவற்றின்பின் படிக்கத் தக்கவை சு. தியடோர் பாஸ்கரன் நூல்கள். இவர் தபால் இலாகாவில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்றவர். 1981-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். 1880 முதல் 1945 வரை தென்னாட்டில் நாடகமும், இசைத்தட்டும், படமும் தேசிய இயக்கத்துக்குத் தூது சென்ற வகையை அந்நூல் ஆராய்கின்றது. அடுத்து 1996-ஆம் ஆண்டில் 'தி ஐ ஆஃப் தி செர்ப்பண்ட்' என்னும் நூலை எழுதினார். சினிமாவைப்பற்றிய சிறந்த நூலுக்குரிய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 'பாம்பின் கண்' என்ற பெயரால் அது தமிழிலும் வந்துள்ளது. ஆங்கிலம் அறியாதார், அவர் தமிழிலேயே எழுதிய 'எம் தமிழர் செய்த படம்' என்னும் கட்டுரைத் தொகுதியிலிருந்து தொடங்கலாம். கற்றோர் சினிமாவை இழிவென்று ஒதுக்கியதனாலேயே அதன் வரலாறு எழுதப்படாது போயிற்று என்பது அவர் வற்புறுத்தும் கருத்து.

நாடக மேடைத் தேசத் தொண்டருள் விசுவநாததாஸ் என்பவர் ஒருவர். இனிய குரல் படைத்தவர். மேடையில் தேசப்பாட்டுப் பாடியதற்காகப் பன்முறை சிறை சென்றவர். ஆயினும் சவரத் தொழில் செய்யும் குலத்திற் பிறந்தார் என்ற காரணத்தால், அவருடன் இணைந்து நடிக்கச் சிலர் மறுத்தனர். வெள்ளையனை எதிர்த்துப் பாடியவரை நம்மவரே அருகில் நிறுத்தத் தயங்கினர். 1940-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் முருகன் வேடம் புனைந்திருந்தவாறே மேடையில் உயிர் நீத்தார். இத்தகையோர் வாழ்க்கை நம் குழந்தைகளின் பாட புத்தகத்தில் வரவேண்டியது.

ஒரே கூரையின் கீழ்

சீர்திருத்தம் விரும்புவோர் தவறாது படிக்க வேண்டிய சிறு நூல் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-ஆம் ஆண்டில், தமிழ்ப் படம் அரசியற் கருத்தைப் பரப்பும் கருவியாக நின்றதைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதியது அது. அதில் அவர் கூறும் ஓர் உண்மை நம் நெஞ்சைத் தொடுகின்றது. கோயிலில் இன்னார் இவ்வளவு தூரம் வரலாம் என்ற எல்லை இருந்தது. கூத்து நடந்த இடத்திலும் குலத்துக்கேற்ற இடம் இருந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒன்றைக் கண்டு களித்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே. அங்கே இருக்கை கிடைத்தது குலத்தைக் கேட்டன்று. கொடுத்த காசைக் கேட்டு. காசில்லாதவன் தரையில் அமர்ந்தான் என்பது மெய்யே. ஆயினும், தரையில் இருப்பவன் காசு சேர்த்தால் நாற்காலிக்குப் போகலாம். குலத்தால் தாழ்த்தப்பட்டவன் எத்தனை காசு சேர்த்தும் கருவறைக்குப் போக இயலாது. இவ்வேற்றுமை சிறிதன்று. மேடையில் நின்று சமத்துவம் பேசியவர் பலர். வியாபாரத்துக்காகக் கட்டிய கொட்டகை, தான் அறியாமலே, அதனை ஒரு சிறிது செய்து காட்டிவிட்டது.

படத்தைப் போற்றும் நூல்களை மட்டும் படித்தால் பகுத்தறிவு வளராது. இடித்துரைக்கும் நூலும் வேண்டும். அவ்வகையில் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதியதும், 'பிம்பச் சிறை' என்று தமிழாக்கப்பட்டதுமான நூலைக் கூறுவோம். எம்.ஜி. இராமச்சந்திரன் படத்தில் ஏழைக்காகப் போராடினார். ஏழைகள் அவரைத் தெய்வமாகக் கொண்டனர். 1977-ஆம் ஆண்டில் அவரை முதலமைச்சராக்கினர். அவர் ஆட்சியில் ஏழை பெற்றது யாது, இழந்தது யாது, வரிச்சுமை யார் தலையில் ஏறிற்று என்று பாண்டியன் கணக்குக் கேட்கின்றார். அத்தலைவர்பால் அன்பு கொண்டோர்க்கு இந்நூல் கசக்கும். கசப்பினும் ஒருமுறை படித்துவிட்டு மறுத்துரைக்கட்டும். படியாது மறுப்பது அறிவுடைமை ஆகாது.

தோட்டத் தொழிலாளியைத் திரை கண்டது எப்போது?

இதுகாறும் கூறியவை பொதுவாகத் தமிழர்க்குரியன. இனித் தோட்டத்தில் உழைத்தும், தோட்டத்தில் உழைத்தோர்க்குப் பிறந்தும் இந்நாட்டில் வாழும் நமக்கே உரிய செய்திக்கு வருவோம்.

1936-ஆம் ஆண்டில் 'சதிலீலாவதி' என்னும் படம் வெளிவந்தது. தமிழ் அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கினார். கதை, எஸ்.எஸ். வாசன் எழுதியது. மேற்கூறிய இராமச்சந்திரன் சிறு வேடத்தில் முதன்முதல் திரையில் தோன்றியதும் இதிலேயே. குடியால் கெட்ட கதாநாயகன் கொலை செய்துவிட்டதாக அஞ்சி இலங்கைக்கு ஓடுகின்றான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கின்றான். புராணக் கதைகளே மலிந்திருந்த அந்நாளில், கடல் கடந்த தோட்டத்தில் உழைக்கும் தமிழனைத் தமிழ்ப் படம் ஒன்று காட்டிற்று. காட்டியது எவ்வாறு? துன்பத்தை உள்ளவாறு காட்டிற்றா, அன்றிப் புதையல் எடுத்துப் பணக்காரனாகும் கதாநாயகனுக்கு ஒரு தங்குமிடமாக மட்டும் காட்டிற்றா? கண்டு தீர்ப்பளிக்க வழியில்லை. அப்படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. மறைந்த பிற படங்கள் பொதுச் சொத்து என்றால், இது நம் வீட்டுச் சொத்து. நம் பாட்டன்மாரைப் போன்றோரின் உருவம் திரையில் விழுந்த தொடக்க காலப் படங்களுள் ஒன்றை இழந்துவிட்டோம்.

ஆனால், அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1935-இல், புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்னும் கதையை 'மணிக்கொடி'யில் எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் சென்ற ஏழைப் பெண் மருதியின் கதை அது. கங்காணியின் ஆசை வார்த்தையும், துரையின் அதிகாரமும், பெண்ணுடலைச் சூறையாடும் கொடுமையும் அதில் மறைவின்றி எழுதப்பட்டுள்ளன. அவ்வாசிரியரும் பின்னர்ச் சினிமாவுக்கே போனார். 'ராஜமுக்தி' என்னும் படத்துக்கு வசனம் எழுதப் புனே சென்றவிடத்தில் காசநோய் முற்றி, 1948-ஆம் ஆண்டில் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். 'ராஜமுக்தி'யை இன்று நினைப்பார் அருமை. 'துன்பக்கேணி'யோ நேற்று எழுதியது போல் நிற்கின்றது.

நம் காலத்திலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. 2013-ஆம் ஆண்டில் பாலா இயக்கிய 'பரதேசி' என்னும் படத்தை நம்மவர் பலர் பார்த்தனர். பார்த்துக் கண்ணீர் விட்டனர். அதற்கு மூலமான நூலைப் படித்தோர் எத்தனை பேர்? ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணி செய்த பி.எச். டேனியல், தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை 1969-ஆம் ஆண்டில் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். கருப்பன், வள்ளி என்னும் கணவனும் மனைவியும் முன்பணத்தை நம்பி மலையேறுகின்றனர். ஆண்டுக் கணக்கில் உழைத்தும் கணக்கேட்டில் கடன் குறைவதில்லை. மலேரியாவும் குளிரும் வகை வகையாக மக்களை வாரிக்கொண்டு போகின்றன. முன்பணக் கணக்கு எவ்வாறு எழுதப்பட்டது, மேஸ்திரிக்குத் தலைக்கு எவ்வளவு ஆதாயம், மருத்துவமனை இருந்தும் மருந்து இல்லாமற் போனது ஏன் என்பவற்றை நூல் படிப்படியாக விளக்குகின்றது. படத்திலோ, நூலில் தொழிலாளர்க்குத் துணை நின்ற மருத்துவர் ஆடிப்பாடி மதம் பரப்புபவராக மாறிவிட்டார். படம் நம்மை அழச் செய்தது. நாம் ஏன் அழ நேர்ந்தது என்பதை நூல் அறியச் செய்தது.

பாலத்தின்மேல் யார் நின்றார்?

இறுதியாக ஒரு படத்தையும் ஒரு நூலையும் கூறி முடிப்போம். 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் ஆங்கிலப் படம் உலகப் புகழ் பெற்றது. ஏழு ஆஸ்கார் பரிசுகளைக் கொண்டது. ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட இரயில் பாதையே அதன் களம். அதில் வரும் துன்பமும் வீரமும் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுடையவை. அப்பாதையில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் உழைத்தனர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்க்கு நம் அனுதாபம் உண்டு. ஆனால், அவரினும் பன்மடங்கு மிகுதியாக அங்கே உழைத்து மாண்டவர் ஆசியத் தொழிலாளர். அவருள் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் வலிந்து பிடித்தும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அப்படத்தின் கதையில் அவர்க்கு இடமில்லை.

இதில் வியப்பு ஒன்றுண்டு. படத்துக்கு மூலமான நாவலை 1952-ஆம் ஆண்டில் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், போருக்கு முன் இம்மலாயாவிலேயே ரப்பர் தோட்டத்தில் என்ஜினீயராக இருந்தவர். பால்வெட்டும் தமிழரை நாள்தோறும் கண்டவர். காலையில் பெரட்டுக்கு நின்ற அம்முகங்கள் அவர் கதைக்குள் வரவில்லை. அவரை நொந்து பயனில்லை. அவர் தம்மவர் கதையை எழுதினார். நம்மவர் கதையை எழுதுவது நம் கடமையன்றோ?

அக்கடமையை ஆற்றினோர் இந்நாட்டிலேயே உளர். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலை 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலை 2005-ஆம் ஆண்டில் தந்தார். காட்டில் கட்டிய கித்துக் கொட்டகைகள், காலரா, ஈ மொய்க்கும் புண், உயிரோடு இருப்பவனை இறந்தவனோடு சேர்த்து ஒதுக்கும் கொடுமை, அவற்றுக்கிடையே ஒருவர்க்கொருவர் காட்டிய இரக்கம் ஆகிய யாவும் நம் மக்கள் பேசிய பேச்சிலேயே நமக்குக் கிடைக்கின்றன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக நிற்கின்றன. மாண்ட தமிழர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த தனிக் கல்லறை கிடையாது. இந்நூல்களே அவர்க்குக் கல்லறை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! ஒரு காலத்தில் தோட்டத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினர். பாயும் தலையணையுமாகக் குடும்பத்தோடு போய் அமர்ந்து பார்த்த முதியோர் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அத்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலமாகியும் மறைந்துவிட்டன. எந்தப் படம் எந்தத் திடலில் ஓடிற்று, பார்த்தோர் என்ன பேசினர் என்பதை எழுதி வைத்தார் யார்? நடராஜ முதலியார் படத்துக்கு ஆண்டு தெரியாமல் மயங்குவது போல, நாளை நம் பேரர்கள் நம்மைப்பற்றியும் மயங்க விடலாகாது.

ஆகவே மூன்று வேண்டுகோள். முதலாவது, சம்பளம் வாங்கும் மாதத்தில் படத்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை எடுத்து ஒரு நூல் வாங்குங்கள். தொடங்குவோர் 'துன்பக்கேணி'யும் 'சயாம் மரண ரயி'லும் கொண்டு தொடங்கலாம். பின்னர்ச் சண்முகத்தின் வாழ்க்கை வரலாறு. அதன்பின் பாஸ்கரன், சிவத்தம்பி, பாண்டியன் ஆகியோர் நூல்கள். இரண்டாவது, உங்கள் சங்கத்திலோ, பள்ளியிலோ, கோயில் மண்டபத்திலோ இந்நூல்களுக்கென ஓர் அலமாரி வையுங்கள். ஆங்கில நூலைப் படிக்க வல்லவர் வாரம் ஒருநாள் தமிழில் எடுத்துச் சொல்லட்டும்; எழுத்தறியாத முதியோரும் கேட்டுப் பயன் பெறுவர். மூன்றாவது, வீட்டில் பழைய பாட்டுப் புத்தகமோ, பட நோட்டீசோ, தோட்டத்தில் எடுத்த புகைப்படமோ இருப்பின் பழைய தாள்காரனிடம் போடாதீர்கள். முதியோர் கூறுவதைக் கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

எழுத நமக்குத் தகுதி உண்டோ என்று ஐயுற வேண்டா. ரோஜா முத்தையா பலகை எழுதியவர். சண்முகம் பள்ளிப் படிப்பை விட்டு மேடையேறியவர். நம்மவரைப்பற்றி நாம் எழுதாவிடில், நாம் இல்லாத படத்தையே உலகம் மெய்யென்று நம்பும். நம் பிள்ளைகளும் அதனையே நம்புவர்.